நாப்பது தலை

— என்னடா இது, கால் வைக்க எடமில்ல! இவ்வளவு முடி! நேத்து செம்மறி ஆட்டுக்கா மயிர் வெட்டின?

— நாப்பது தலை, எசமான். பொழுது சாயதுக்குள்ள முடிச்சேன். பெருக்கதுக்கு நேரமில்ல. ஒதுக்கிவிட்டுட்டு ஒக்காரு.

— நாப்பதும் ஜோலாத் தலையா?

— பின்ன? செரேர்க்காரன் தலையில வெட்டதுக்கு என்னல இருக்கு? உள்ளயும் இல்ல, வெளியவும் இல்ல.

— கம்பு தின்ற தலைடா இது. சரக்கு உள்ளதான் இருக்கும். உன்னைமாதிரி அரிசி தின்னு ஊதிப்போன தலைன்னு நெனச்சியா?

— நிமிந்து ஒக்காரு. அசையாத. சோப்பு போடுதேன்.

— அன்சு, நெசமாச் சொல்றேன், எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. கோர்ட்டுக்கு வர்றவங்க சுத்தமா வந்தா நல்லதுன்னு வக்கீலம்மா ஒரு வார்த்தை சொன்னா. நான் இன்னும் யார்கிட்டயும் போய்ச் சொல்லக்கூட இல்ல. அதுக்குள்ள நாப்பது பேரும் முடி வெட்டிட்டு நிக்கிறானுங்க. எனக்காக! இதுக்குப் பேருதான்டா சங்கம்.

— ம்.

— என்ன ம்?

— பேசாதல. சோப்பு வாய்க்குள்ள போவும்.

— போனாப் போகுது. பதினோரு மணிக்கு ஜட்ஜு வந்து ஒக்காந்துருவாரு. சாட்சியில உன்னைத்தான் மொதல்ல கூப்பிடுவாங்க. அங்க வந்து மாடு முழிக்கிறமாதிரி முழிச்சேன்னு வச்சுக்க, உங்களை அடிமையா வச்சிருந்த கங்காணின்னு எனக்கு எட்டு வருஷம். வக்கீலம்மா அப்பிடித்தான் சொல்றா. உள்ள இருந்து வெளிய வந்தா பெர்மிட்டும் இருக்காது. நேரா விமானத்துல ஏத்தி டக்கார்ல எறக்கி விட்டுருவாங்க. வா, ஒரு தடவ சொல்லிப்பாப்போம். நான்தான் ஜட்ஜு. உன் பேரு என்ன?

— ஜட்ஜு மூஞ்சியில இவ்வளவு நொரையா இருக்கும்?

— வெளையாடாதடா. பேரு?

— அன்சுமானா பாஜி. செனெகல். தெக்கத்தி ஆளு, ஜோலா இனம். இத்தாலிக்கு வந்து ஒம்பது வருசம், சான் ரெனாத்தோ ரயிலடிக் குடிசையில இருக்கேன். விடியக்காலம் தக்காளி பறிக்கேன், வேல இல்லாத நாள்ல முடி வெட்டுதேன்.

— நல்லா இருக்கு. இந்த லாத்திர் ங்கோம்ங்கிற ஆள உனக்குத் தெரியுமா?

— தெரியாம எங்க போவ. பூலியா சீமை பூராவும் அவன் தொண்டைதான கேக்கு.

— அவர் உங்களை வேலைக்குக் கூட்டிட்டுப் போற கங்காணியா?

— கங்காணி ரொக்கோ. வெள்ள வேன் வச்சிருக்கான். ஒம்பது பேரு ஒக்காருத வண்டியில இருவத்திரெண்டு பேர அடைப்பான். இன்னிக்குக் காலையிலயும் அடைச்சிட்டுத்தான் போனான். அவன் மேல எந்தக் கேசும் கெடையாது.

— கடைசியில சொன்ன ரெண்டும் வேண்டாம். ஜட்ஜுக்குக் குத்தும். சரி, இந்த வீடியோவப் பாருங்க. போன ஆகஸ்ட், தோட்டத்து முக்குல. லாத்திர் ங்கோம் தக்காளிப் பெட்டிய கவுத்துப் போட்டு அதுமேல ஏறி நிக்கிறார். என்ன சொல்றார்?

— "ஏ ஜோலாப் பயலுகளா! எங்க தாத்தா ஒரு கூடை கம்பு குடுத்து உங்களை வாங்கினாரு! என் உத்தரவு இல்லாம எவன்டா வேலைக்குப் போறது? வேனை விட்டு எறங்குங்கடா அடிமைகளா!"

— நீங்க என்ன பண்ணீங்க?

— எறங்கினோம்.

— ஏன்?

— தலையச் சாய்.

— டேய், அங்கதான் விஷயமே இருக்கு. ஏன்? சொல்லு!

— ஆதியில ரெண்டு பொம்பளப் பிள்ளைவோ ஒரே தோணியில போனாவோ. அக்காளும் தங்கச்சியும். நடுக்கடல்ல தோணி ரெண்டா ஒடைஞ்சுது. வடக்க ஒதுங்கினவ வயித்துல செரேர் பொறந்தான், தெக்க ஒதுங்கினவ வயித்துல ஜோலா பொறந்தான். அன்னியில இருந்து எங்களுக்குள்ள கேலிமுறை. அவன் என்ன அடிமைம்பான், நான் அவன அடிமைம்பேன். திருடன்னாலும் கோவப்படக் கூடாது. ஒண்ணு கேட்டா இல்லன்னு சொல்லக் கூடாது.

— பிரமாதம்! இதை மட்டும் இப்பிடியே சொல்லு, கேசு காத்துல பறந்துரும். யோசிச்சுப் பாரு, பெரிய சங்கத்துக்காரன் மூணு வருஷமா கொடியத் தூக்கிட்டு வந்தான். நோட்டீஸ் குடுத்தான். எவனாவது வேனை விட்டு எறங்கினானா? நான் ஒரு கேலி பண்ணினேன். நாப்பது பேரு சிரிச்சுக்கிட்டே எறங்கினீங்க. உங்களைப் பாத்து மாலிக்காரன் எறங்கினான், கானாக்காரன் எறங்கினான். நாலு நாளு ஒரு தக்காளி பெட்டிக்குள்ள போகல. தண்ணிக் கொழாய் வந்துச்சு. ரெண்டு பஸ்ஸு வந்துச்சு.

— சீசன் முடிஞ்சதும் பஸ்ஸு போச்சு.

— கொழாய் இருக்கு.

— கொழாய் இருக்கு. தண்ணிதான் இல்ல. கழுத்த நீட்டு.

— சிரிச்சீங்களே, அது வீடியோல தெளிவாக் கேக்குது. அதைச் சொன்னாலே போதும்.

— அதுக்கு அந்த மொழிபெயர்ப்புக்காரம்மா என்ன எழுதியிருக்கான்னு வக்கீலு சொல்லலியா? நீ நம்மூரு பாஷையில பேசினத ஒரு எழுத்து தப்பில்லாம எழுதிட்டு, கீழ போட்டிருக்கா: பயத்துல சிரிக்கிறார்கள்.

— பயத்துலயா!

— அசையாதலே! ரத்தம் வந்துரும்.

— லாத்திர் தம்பி, இங்கயா இருக்க? சத்தம் ரோட்டு வரைக்கும் கேக்குது. இந்தா காப்பி. கிராம்பு தூக்கலாப் போட்டிருக்கேன், இன்னிக்கு உனக்குத் தேவைப்படும்.

— அப்பிடி வை ரோக்கயாக்கா. நீயும் கோர்ட்டுக்கு வர்றீல்ல?

— நான் வந்தா இத்தனை பேருக்குச் சோறு யாரு ஆக்குறது? நீ ஜெயிச்சிட்டு வா, மீன்சோறு போடுறேன். தோத்துட்டு வந்தா... ஐயோ, என் வாயக் கழுவணும், அத விடு. ஏ அன்சு, உன் போட்டோ வந்திருச்சு. ஸ்டேஷன்கிட்ட இருக்கானே அந்த பங்களாதேஷ்காரன், நாப்பது பேரு கவரையும் என் கடையிலயே குடுத்துட்டுப் போயிட்டான். இந்தா உன்னுது. காதெல்லாம் நல்லாத் தெரியுது. மாப்பிள்ளை மாதிரி இருக்க.

— அங்க வச்சிட்டுப் போக்கா.

— என்ன போட்டோ அக்கா?

— அதான் தம்பி, சின்னதா, வெள்ளைச் சுவரு வச்சு எடுப்பானே. பெர்மிட்டுக்கு ஒட்டுறது. நேத்துப் பூரா என் கடை வாசல்ல வரிசை. எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் எடுத்திருப்பேன்ல? இந்தப் பயலுக வாயே தொறக்கல... நான் எதாவது தப்பாச் சொல்லிட்டேனா? ஏன் ரெண்டு பேரும் இப்பிடி முழிக்கிறீங்க?

— அக்கா, நீ போ. அடுப்புல சோறு பிடிச்சிரப் போவுது.

— போறேன்ப்பா, போறேன். மொகத்துல ஒரு பக்கம் மட்டும் செரச்சு வச்சிருக்க. அதையாவது முடிச்சு அனுப்பு.

— அன்சு.

— ம்.

— கத்தியக் கீழ வை.

— வச்சிட்டேன்.

— உன் பெர்மிட்டு செத்து மூணு வருஷமாச்சு. செத்த பெர்மிட்டுக்கு எதுக்குடா புதுப் போட்டோ?

— உனக்குத் தெரிஞ்சிருச்சு லாத்திரு. பொறவு ஏன் கேக்க?

— உன் வாயால வரட்டும்.

— போன மாசம் அந்தப் போலீஸ்காரம்மா வந்தா, மப்டியில. ஒவ்வொருத்தனாக் கூப்பிட்டுப் பேசினா. நல்ல மாதிரிதான். தண்ணி வாங்கிக் குடுத்தா. கேட்டா, "இந்தாளு உங்கள அடிமைன்னு கூப்பிட்டது உண்மையா?" உண்மைன்னேன். "இவன் சொல்லி வேலைக்குப் போவாம நின்னது உண்மையா?" உண்மைன்னேன். "இவன் சொன்னா மறுக்க முடியாதா?" மறுக்க முடியாதுன்னேன். ஒண்ணாவது பொய்யா, சொல்லுல.

— கேலின்னு சொன்னியா?

— சொல்ல வாயெடுத்தேன். அதுக்கு முன்னால அவ சொன்னா, அடிமையா மாட்டிக்கிட்டு இருந்தவன் சாட்சி சொன்னா சர்க்காரு பெர்மிட்டு குடுக்கும். ஒரு வருசத்துக்கு. பொறவு புதுப்பிச்சிக்கலாம்.

— அதனால வாய மூடிக்கிட்ட.

— மூடிக்கிட்டேன். உன்கூடத் தோழனா இருந்தேன்னு சொன்னா இந்த நாட்டுல என்னல கெடைக்கும்? உனக்கு அடிமையா இருந்தேன்னு சொன்னா பேப்பரு கெடைக்குது.

— டேய்! நாப்பது பேருமா? அந்தக் கெழவன் சாம்பூவுமா? காய்ச்சல்ல கெடந்தப்போ அவன முதுகுல தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்டா!

— அவருதான் மொதல்ல கையெழுத்துப் போட்டாரு. அழுதுக்கிட்டே போட்டாரு.

— அழுதுக்கிட்டே! ரொம்பச் சந்தோஷம். நாளைக்கு என்னை உள்ள தள்ளும்போதும் ஒரு பாட்டம் அழச் சொல்லு. தூ! ரொக்கோ வேன் ஓட்டிக்கிட்டுத் திரியுறான், நான் கங்காணி. நல்லா இருக்குடா நியாயம். இந்த மூஞ்சியோட இப்பவே போய் வக்கீலம்மாகிட்ட அந்தக் கவரைக் காட்டினா என்ன ஆகும் தெரியுமா? "பேப்பருக்காகப் பொய்ச்சாட்சி"ன்னு ஒரே நிமிஷம். எல்லாம் கிழிஞ்சிரும்.

— தெரியும். கதவு தொறந்துதான் இருக்கு. நான் தடுக்க மாட்டேன்.

— ஏன்டா? நான் உனக்கு என்னடா பண்ணினேன்?

— இருவது பேரு.

— என்ன இருவது?

— மறந்துட்டியா? மூணு வருசத்துக்கு முன்னால மேயரு கூப்பிட்டுச் சொன்னான்லா, "குடிசையில இருக்க நானூறு பேருக்கும் வெலாசம் தர முடியாது. இருவது பேருக்குத் தாரேன், பட்டியலு குடு"ன்னு. வெலாசம் இருந்தாத்தான பெர்மிட்ட புதுப்பிக்கலாம். அந்த இருவதுல பதினோராவது பேரு என் பேரு. நான் முடி வெட்டிட்டு இருந்தேன், பயலுவோ ஓடி வந்து சொன்னானுவோ. வெட்டிக்கிட்டிருந்த தலைய அப்பிடியே போட்டுட்டு ஓடியாந்தேன். நகராட்சி வாசல்ல நீ மைக்க பிடிச்சிட்டு நின்ன. என்ன சொன்ன? சொல்லுல. பூலியா பூராவும் கேட்டுச்சே.

— எல்லாருக்கும், இல்லேன்னா யாருக்கும் வேண்டாம்.

— கைதட்டினானுவோ. நானும் தட்டினேன். என் பேர நீ கிழிச்சுப் போட்டதுக்கு நானே கைதட்டினேன். உன்கிட்ட நீண்ட கால பெர்மிட்டு இருந்துது, தொண்டையும் இருந்துது. அந்த வருசம் மாசியில எங்க அம்மா செத்துப்போனா. பேப்பரு இருந்திருந்தா போயிட்டு வந்திருப்பேன். போனா திரும்பி வர முடியாது. போவல. மூத்த மவன் இல்லாம எடுத்துட்டுப் போனாவோ.

— இருவது பேரை அன்னிக்கு ஒத்துக்கிட்டிருந்தா மீதிப் பேரை அவன் மறந்திருப்பான் அன்சு. ஒடைச்சிருப்பான். பாதிப் பேருக்கு எலும்பு, பாதிப் பேருக்குப் பட்டினி. அது தப்பான முடிவில்லடா.

— தப்புன்னு நான் சொல்லலியே. சரியான முடிவுதான். சரியான முடிவுலதான் எங்க அம்மா போனா.

— அன்னிக்கு நான் வரலியா? நீ மூணு நாளு சோறு தின்னாமக் கெடந்த. யாரு கெஞ்சியும் எந்திரிக்கல. நான் இந்த வாசல்ல விழுந்து பொரண்டு ஒப்பாரி வச்சேன், "ஐயோ, என் அடிமைக்கு இனி யாரு அரிசி பொங்கிப் போடுவா, நானே பொங்கணுமே, எனக்குக் கம்பங்களி மட்டுந்தான கிண்டத் தெரியும்"னு. குடிசையே சிரிச்சுச்சு. நீ சிரிச்ச. எந்திரிச்சு சாப்பிட்ட. அதுவும் கேலிதான். அதையும் அந்தம்மாகிட்டச் சொன்னியா?

— சொல்லல. அத எவகிட்டயும் சொல்ல மாட்டேன். அன்னிக்கு உன் கையாலதான் எனக்குச் சோறு எறங்கிச்சு. அதனாலதான் இன்னிக்கு உன்ன ஒக்கார வச்சுச் சவரம் பண்ணுதேன். மத்தவனுவோ எல்லாரும் சொன்னானுவோ, "அவன் கண்ணுல படாத, நேரா கோர்ட்டுல பாத்துக்கலாம்"னு. கேட்டேனா?

— பெரிய உபகாரம். வெட்டுறதுக்கு முன்னாடி ஆட்டுக்குத் தண்ணி காட்டுறமாதிரி. சரி, என்னதான்டா வேணும் உனக்கு? மன்னிப்பா? அது என்கிட்ட இல்ல.

— மன்னிப்பு வேண்டாம். கேலிமுறையில ஒண்ணு கேக்குதேன்.

— அந்தப் பேச்ச எடுக்காத.

— எடுப்பேன். ஒம்பது வருசமா நீயே கேட்டுக்கிட்டு இருந்த. "எறங்குடா"ன்ன, வேனை விட்டு மொதல்ல எறங்கினது நான். அந்த சீசன் முழுக்க ரொக்கோ என்ன ஏத்தல. "கொடியப் பிடிடா"ன்ன, பிடிச்சேன். "தெருவுல படுடா"ன்ன, படுத்தேன். நான் ஒண்ணாவது கேட்டிருக்கேனா? இன்னிக்குத்தான் கேக்குதேன்.

— என்ன?

— நாப்பது பேரும் ஒரே மாதிரி சொன்னாத்தான் கேசு நிக்குமாம். ஒருத்தன் கேலின்னு சொல்லிட்டா நாப்பது பேப்பரும் போச்சு. அந்தம்மா தெளிவாச் சொல்லிட்டா. எல்லாருக்கும், இல்லேன்னா யாருக்கும் கெடையாது. நீ சொல்லிக் குடுத்ததுதான்.

— மீதி முந்நூத்து அறுவது பேரு என்ன பண்ணுவாங்க?

— அவங்களுக்கு வேற எசமான் தேடணும்.

— ஹ! ஹ ஹா... நாசமாப் போறவனே. இந்த நேரத்துலயும்...

— பாத்தியா? இதத்தான் சொல்லுதேன். இதத்தான் கேக்க வந்தேன். அங்க நான் கூண்டுல நின்னு, "ஆமா, இவன் எனக்கு எசமான், நான் இவனுக்கு அடிமை"ன்னு சொல்லுவேன். நம்ம பொழப்புல இந்த வார்த்தைய ஆயிரம் தடவ சொல்லியிருக்கோம். ஒரு தடவகூட நீ சிரிக்காம இருந்ததில்ல. உன் மொகத்தப் பாத்தா எனக்கும் வந்துரும். எனக்கு வந்தா சாம்பூவுக்கு வரும். நாப்பது பேருக்கும் வரும். ஜட்ஜுக்கு வெளங்கிரும். நீ சிரிக்காத லாத்திரு. வேற எதுவும் கேக்கல. சிரிச்சிராத.

— அவ்வளவுதானா? எட்டு வருஷம் உள்ள போ, ஆனா மூஞ்சிய உம்முன்னு வச்சுக்க. அவ்வளவுதானா?

— அவ்வளவுதான்.

— அந்தப் போட்டோவக் குடு. பாக்கலாம்.

— எதுக்கு?

— கிழிச்சிர மாட்டேன், குடுடா. ... ஆமா, காது நல்லாத்தான் தெரியுது. ஆறு வருஷம் சங்கம் நடத்தி நாலு பேருக்குப் பேப்பரு வாங்கித் தர முடியல என்னால. எங்க தாத்தா ஒரு கூடை கம்ப வச்சு நாப்பது பேருக்கு வாங்கித் தர்றாரு.

— அரைச் சவரத்தோட நிக்காத. ஒக்காரு, மறுபக்கத்தையும் முடிச்சிருதேன்.

— வேண்டாம். கங்காணி மூஞ்சி இப்பிடித்தான் இருக்கணும்.

— அன்சுமானா பாஜி இங்கயா இருக்காரு? போலீஸ் பஸ்ஸு வந்திருக்கு. மத்தவங்க எல்லாரும் ஏறிட்டாங்க, உங்களுக்காகத்தான் நிக்குது. சீக்கிரம் வாங்க.

— இந்தா வந்துட்டேன் ஐயா, ஒரே நிமிசம். சட்டைய மாட்டிக்கிடுதேன்... லாத்திரு, நான் போறேன். நீ வக்கீலு கார்ல வா. காப்பி ஆறிப்போச்சு, குடிக்காத. கவரை மேசையில வச்சிரு.

— ஏய் அடிமை! எங்கடா கிளம்பிட்ட? வந்து என் செருப்பத் தொடைச்சு வை! என் உத்தரவு இல்லாம வாசப்படி தாண்டக் கூடாதுன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?

— லாத்திரு... ஏம்ல இத்தாலியன்ல கத்துத? அந்தப் போலீஸ்காரரு வாசல்லயே நிக்காரு. நோட்டுல எழுதுதாரு.

— எழுதட்டும். நீ சிரிக்காத.